பாலாற்று மணலில் ஒரு சிப்பிப்பாறை

ஆம்பூரில் எந்த வீட்டு வாசலிலும் ஆட்களை விடச் செருப்புகள் அதிகம் இருக்கும். ஷூ கம்பெனியில் கழித்த ஒற்றைக் காலணி, மாதிரிக்கென்று தைத்துப் பார்த்த குழந்தைச் செருப்பு, தையல் கோணியதால் பெட்டிக்குள் போகாமல் நின்றுவிட்ட ஒரு ஜோடி என்று ஏதாவது கிடக்கும். அப்படிப்பட்ட எங்கள் வாசலுக்கு நாலு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மகள் அதற்கு மின்னி என்று பெயர் வைத்தாள். வந்த இரண்டாவது வாரம் ஒரு ஷூவின் மேல்தோலில் உள்ளங்கை அகலத்துக்குக் காணவில்லை. அன்று இரவு மின்னி சாப்பிடவில்லை. மறுநாள் முழுக்க வாந்தி. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, குடலுக்குள் இறங்கியிருந்தால் அறுவைதான் என்றார். மூன்றாம் நாள் காலையில் வாந்தியோடு அந்தத் துண்டு வெளியே வந்து விழுந்தது.

அதை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். பல் பட்ட தடங்களைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. எலும்பையே கரைக்கக்கூடிய நாயின் இரைப்பை அமிலத்தில் இரண்டு நாள் ஊறியும் சாயம்கூட மங்கவில்லை. தோல் பதனிடும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். குரோம் தோல் எவ்வளவு உறுதியானது என்று ஒவ்வொரு நாளும் அளந்து எழுதியவன். ஆனாலும் அந்த உறுதி என் வீட்டுக் குட்டியின் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று அந்தக் காலை வரை நினைத்துப் பார்த்ததில்லை.

மாட்டின் தோலும் ஆட்டின் தோலும் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு, அந்தக் கயிறுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து தோலாகின்றன. பச்சைத் தோலைச் சுடுநீரில் போட்டால் 65 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். மேலும் வேகவைத்தால் ஜெலட்டின் ஆகிக் கரையும். நாயின் வயிற்றில் உள்ள அமிலமும் பெப்சினும் அந்த முறுக்கை மெதுவாகப் பிரிக்க வல்லவை. பதனிடுதல் என்பதே அந்த முறுக்கு பிரியாமல் பூட்டுப் போடும் வேலை. நம் பக்கத்தில் முன்பு ஆவாரம் பட்டையை ஊறவைத்துப் பதனிட்டார்கள். பட்டையின் டானின் இழைகளுக்கு நடுவில் புகுந்து அவற்றைப் பிணைத்துவிடும். குரோமிய உப்பு இன்னும் கெட்டியான பூட்டு. நீலம் பூத்து ‘வெட் புளூ’வாக டிரம்மிலிருந்து வெளியே வரும் தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, சுருங்கியதா என்று அளப்போம். இதற்கு ஆலையில் ‘பாயில் டெஸ்ட்’ என்று பெயர். சுருங்காவிட்டால்தான் தோல் தேறியது. கொதிநீரே அவிழ்க்க முடியாத முடிச்சை ஒரு குட்டியின் இரைப்பை எப்படி அவிழ்க்கும்?

ஆகவே எங்கள் ஊரில் நாய் வளர்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பதனிட்ட தோல் எந்த வடிவத்திலும் நாயின் வாய்க்குப் போகக் கூடாது. ஷூவும், பெல்ட்டும், கம்பெனியிலிருந்து பிள்ளைகள் விளையாட எடுத்துவரும் வெட்டுத் துண்டும் இதில் சேர்த்தி. மெல்லுவதற்கென்று கடையில் விற்கும் தோல் எலும்பு வேறு சரக்கு. அது சுண்ணாம்பு போட்டு மயிர் நீக்கிப் பிளந்த தோலின் உள் அடுக்கு. பூட்டுப் போடாததால் செரிக்கும். பெரிய துண்டாக விழுங்கினால் அதுவும் அடைக்கும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுக்கலாம். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் குட்டிக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். ஈறு குறுகுறுக்கும் அந்த இரண்டு மாதமும் வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது. நாங்கள் கதவு வைத்த அலமாரி ஒன்று வாங்கினோம்.

மின்னியைச் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து கொண்டுவந்தோம். கொடுத்த பெரியவர் கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “கட்டியே போட்டுறாதீங்க சார். ஓட்டம் இல்லாட்டி இது நாயே இல்ல.” இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு சொல்லுக்கு நான் தேடிக்கொண்ட விளக்கம்.

தமிழ்நாட்டின் வேட்டை நாய்களில் பெயர் பெற்றவை நான்கு. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி. முதல் இரண்டும் பன்றி வேட்டைக்குப் போனவை. கனத்த உடம்பு, அகன்ற தாடை. பின் இரண்டும் முயல் துரத்தியவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஆழ்ந்த மார்பு. இவற்றில் ராஜபாளையத்துக்குத்தான் வெளியே புகழ் அதிகம். 2005 இல் இந்திய அஞ்சல் துறை உள்நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் 2020 இல் முதன்முறையாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்றும் ஏட்டில் ஏறின. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை இந்த நாட்டு இனங்களுக்கென்று ஒரு பெருக்கப் பிரிவை வைத்திருந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து சீமை நாய்க்கு இருந்த மதிப்பால் இவை எப்படிப் பின்னுக்குப் போயின என்று சு. தியடோர் பாஸ்கரன் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அந்த நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. இப்போது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் சிப்பிப்பாறையோடு நடக்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டையும் பன்றி வேட்டையும் குற்றம். ஊரைச் சுற்றியுள்ள காப்புக்காட்டுக்குள் நாயை அவிழ்த்துவிடுவதும் சட்டத்துக்குப் புறம்பு. அப்படியிருக்க வேட்டைக்கென்றே செதுக்கப்பட்ட ஓர் உடம்பையும் மூளையையும் 600 சதுர அடி வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

வேட்டை என்பதை ஒரே செயல் என்று நினைக்கிறோம். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்கத் தம்பதி ரேமண்ட், லோர்னா காப்பிங்கர் இருவரும் அதை ஒரு சங்கிலியாகப் பார்க்கச் சொன்னார்கள். தலை திருப்பிக் கவனிப்பது, கண் வைப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, பிறகு கிழித்துத் தின்பது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. மனிதன் ஒவ்வொரு நாயினத்திலும் சில கண்ணிகளைப் பெருக்கிச் சிலவற்றை மங்க வைத்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி கண் வைக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வாது. சுட்டு விழுந்த வாத்தை எடுத்துவரும் ரிட்ரீவர் கவ்வும், ஆனால் பல் பதிக்காது. பாயின்டர் கண் வைத்த இடத்திலேயே ஒரு காலைத் தூக்கியபடி உறைந்துவிடும். ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் ஒரே நாய் மோப்பமும் பிடிக்க வேண்டும், நின்று காட்டவும் வேண்டும், எடுத்துவரவும் வேண்டும் என்று ஷார்ட்ஹேர்டு பாயின்டர், விஸ்லா போன்ற பன்முக வேட்டை நாய்களை உருவாக்கினார்கள். நம் கரிசல் காட்டில் இப்படிக் கணக்குப் போட்டு யாரும் பிரிக்கவில்லை. விடியலில் முயல் துரத்திய அதே நாய்தான் இரவில் கிடைக்குக் காவல் இருந்தது, பகலில் தொட்டில் நிழலில் படுத்துக் கிடந்தது. பன்முகம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சிப்பிப்பாறையின் சங்கிலியில் வீங்கிப் பருத்த கண்ணி துரத்தல். அதைத் தூண்டுவது கண். 2004 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவியும் அவர் குழுவினரும் நாய்களின் விழித்திரையைப் பிரித்துப் பார்த்தார்கள். மூக்கு குட்டையான இனங்களில் பார்வை நரம்புச் செல்கள் நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்திருந்தன, ஏறக்குறைய நமக்கு இருப்பதுபோல. மூக்கு நீண்ட இனங்களில் அவை கிடைக்கோடாக, அடிவானம் போல நீண்டிருந்தன. இதை வாசித்த பிறகு மின்னி மொட்டை மாடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளுடைய கண் தொடுவானத்தை வாசிக்கிறது. தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டால் எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குக் காது விறைத்துவிடும். அதே பை அசையாமல் கிடந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவாள். அசைவுதான் அவளுக்கு இரை. நிறம் அவ்வளவாக உதவாது. நாயின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல மங்கித் தெரியும். புல்லில் எறிவதற்குச் சிவப்புப் பந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, நாய்க்கு விளையாடத் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் நீலப் பந்து வாங்கிப் பார்க்கட்டும்.

கண் பற்றிக்கொண்ட மறுகணம் கால். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு முறைதான் தரையை முழுக்க விடும். இந்த வகை நாய் இரண்டு முறை விடும். நாலு காலும் வயிற்றுக்கடியில் கூடும்போது ஒரு முறை, முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும்போது இன்னொரு முறை. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்கிறது. இந்த ஓட்டத்தின் மறுபக்கம் வெப்பம். தசை எரிக்கும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் அசைவாக மாறும், மிச்சமெல்லாம் சூடு. இதே வகையைச் சேர்ந்த கிரேஹவுண்ட் பந்தயம் ஓடி முடித்ததும் அதன் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டுகிறது. நாயின் இயல்பான வெப்பம் 38 இலிருந்து 39 சொச்சம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்.

வேலூர் வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி என்பது எங்களுக்குச் சாதாரண நாள். நாட்டு நாய்தானே, வெயில் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். மெல்லிய ரோமமும் கொழுப்பில்லாத உடம்பும் உதவும் என்பது உண்மை. ஆனால் அது நிழலில் படுத்திருக்கும் நாய்க்கு. துரத்தல் என்னும் கண்ணியை ஒருமுறை முடுக்கிவிட்டால் இந்த நாய் தானாக நிற்காது. சூடு ஏறுவதை மூளை கணக்கில் எடுப்பதற்குள் கால் தள்ளாடிவிடும். அப்படித் தள்ளாடினால், ஈறு செங்கல் நிறமாகிவிட்டால், எச்சில் நூலாக இழுத்தால், வண்டி தேடி ஓடாதீர்கள். முதலில் குழாயைத் திறந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குளிர்ந்த பிறகு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைப்பது தவறு, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் வீட்டில் கோடையில் ஓட்டம் காலை ஆறு மணிக்குள் முடிந்துவிடும். பகலில் மின்னி சமையலறைத் தரையில் பல்லி மாதிரி ஒட்டிக் கிடப்பாள்.

கிரேஹவுண்ட் வகைக்கு இன்னொரு தனித்தன்மை தெரிய வந்திருக்கிறது. தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளை அவற்றின் ஈரல் மெதுவாகத்தான் சிதைக்கிறது. மருந்தை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பில் கொழுப்பும் இல்லை. மற்ற நாய் ஒரு மணி நேரத்தில் எழும் என்றால் இவை பல மணி நேரம் கிடக்கும். உறவான உடலமைப்பு கொண்ட நம் நாய்களுக்கும் அதே எச்சரிக்கை நல்லது. கருத்தடை அறுவைக்கு மின்னியைக் கொண்டுபோனபோது, இது சிப்பிப்பாறை, எடை இவ்வளவு என்று நான் முதலிலேயே சொன்னேன். மருத்துவர் நன்றி சொல்லி வேறு மருந்தை எடுத்தார்.

இனி மூக்கு. ஆம்பூரில் நாய் மூக்கைப் பற்றி யோசிப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. உப்பிட்ட தோல் மூட்டை, சுண்ணாம்புக் குழி, மயிர் கழற்றும் சோடியம் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம், சாயம், பசை, பிரியாணிக் கடையின் தம் திறக்கும் மணம் என்று வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கைப் பொத்தும் ஊர் இது. நமக்கு இருப்பது ஏறக்குறைய 60 லட்சம் மணம் உணரும் செல்கள் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். இந்த ஊர் அதற்கு நரகமாக இருக்காதா என்று என் நண்பர் ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நாயின் மூக்குக்குள் காற்று போகும் வழியைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரெண்ட் கிரேவன், கேரி செட்டில்ஸ் முதலானோர் கணினியில் மாதிரி செய்து பார்த்து 2010 இல் வெளியிட்டார்கள். உள்ளே போனதும் காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகிறது. எட்டில் ஒரு பங்குபோலத் தனிப் பாதையில் மேலேறி, பின்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் மணம் அறியும் அறைக்குப் போகிறது. மூச்சு விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியே பின்னால் பீய்ச்சும். அதனால் முன்னால் இருக்கும் மணம் கலைவதில்லை. ஒரு நொடிக்கு ஐந்து தடவை இப்படி முகர முடியும். ஆக நாய்க்கு ஊரின் நாற்றம் நமக்குத் தெரிவதுபோல ஒரே கட்டியாக வருவதில்லை. நாம் சாம்பார் வாசம் என்று ஒரே சொல்லில் முடிக்கும் இடத்தில் அது பருப்பு, புளி, பெருங்காயம் என்று தனித்தனியாகப் பிரித்து எடுக்கும். மாறாமல் நிற்கும் வாசத்துக்கு நரம்பு பழகி ஓசையைக் குறைத்துக்கொள்ளும். புதிதாக வரும் வாசம்தான் மணியடிக்கும். டிரம்கள் ஓடும் ஆலைச் சுவரோரம் மின்னி தலைகூடத் திருப்பாமல் நடப்பதையும், அதே சுவரில் நேற்று இரவு ஒரு பூனை உரசிப்போன இடத்தில் கால்மணி நேரம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே கயிற்றை இழுக்கக் கூடாது. கண்ணால் வேட்டையாடும் இனம் என்றாலும் முகர்வதும் சங்கிலியின் முதல் கண்ணியே. அதை நிம்மதியாகச் செய்து முடித்த நாய் வீட்டுக்கு வந்து தூங்குகிறது.

அந்த மூக்கு ஓர் இடத்தில் அவளைக் கவிழ்க்கும். தோலின் உட்புறச் சதையைச் சீவி எடுத்த கழிவு தெரு நாய்களை ஈர்ப்பதுபோலவே அவளையும் ஈர்க்கிறது. அதில் சுண்ணாம்பும் சல்பைடும் ஊறியிருக்கும்; வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும். ஆலைப் பக்கத்துச் சாக்கடையையும் பாலாற்றில் தேங்கிய குட்டையையும் அவள் நக்கவிடுவதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற வைத்தது. அது இந்த ஆற்றுக்காகவும் இதன் கரையில் உள்ள கிணறுகளுக்காகவும் நடந்த வழக்கு. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் மண் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நாய் தன் பாதத்தை நக்கும் விலங்கு. ஆற்றிலிருந்து வந்ததும் நாலு காலையும் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம்.

சாப்பாட்டில் நாட்டு வேட்டை நாய் எந்தத் தொந்தரவும் தராது. கரிசல் காட்டுக் கிராமங்களில் இவற்றைக் கம்பங்கூழிலும் கேழ்வரகுக் கூழிலும்தான் வளர்த்தார்கள். வேட்டை விலங்கு கூழ் குடிப்பதெப்படி என்று வியப்பவர்களுக்கு 2013 இல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து பதில் வந்தது. எரிக் ஆக்சல்சன் குழுவினர் ஓநாயிலும் நாயிலும் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுவை எண்ணினார்கள். ஓநாயிடம் இரண்டு பிரதி; நாயிடம் நாலிலிருந்து முப்பது வரை. மனிதனின் களத்துமேட்டோரம் வாழ்ந்த காலம் நாயின் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூழோடு முட்டையும் கறியும் கலந்து கொடுக்கிறோம். எங்கள் ஊர் பிரியாணியை மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுப்பதில்லை. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை ஆக்கும்; ஒரு நாளில் தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்துச் சிறுநீர் சிவக்கும்போதுதான் தெரியும். வெந்த எலும்போ ஊசி ஊசியாகப் பிளக்கும். விருந்தாளிகள் பிரியத்தோடு இலையிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அவர்களிடம் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

வீட்டு நாயாக ஆவதா இல்லையா என்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் முடிவாகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965 இல் எழுதிய புத்தகம் இன்றும் இதற்கு அடிப்படை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மூளை உலகத்தை நண்பன் என்று பதிவு செய்யும் சாளரம் திறந்திருக்கிறது. பதினாலு வாரம் மனிதரையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகள் அதற்குப் பிறகு மனிதர் கைக்கு வரவேயில்லை. இங்கே இரண்டு தவறு நடக்கிறது. முப்பதாம் நாளே தாயிடமிருந்து பிரித்து விற்பது ஒன்று. கடிக்காமல் விளையாடத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்கும் வாரங்கள் அதனால் போய்விடுகின்றன. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். முரட்டுக் காவலாகட்டும் என்று யாரிடமும் பழக விடாமல் கட்டிவைப்பது இன்னொன்று. அதனால் கிடைப்பது பயந்த நாய், பயந்த நாய்தான் கடிக்கும். மின்னி நாலு மாதத்தில்தான் எங்களிடம் வந்தாள். ஆனால் அந்தப் பெரியவர் வீட்டில் ஆடும் கோழியும் பேரப்பிள்ளைகளும் அவளைச் சுற்றியே இருந்ததால் சாளரம் மூடுவதற்குள் நிறைய உள்ளே போயிருந்தது. இங்கு வந்ததும் அதிகாலையில் ஷூ கம்பெனிப் பஸ்களின் ஹாரன், டிபன் டப்பாவோடு கூட்டமாக நடக்கும் பெண்கள், பாங்கு ஓசை, கோயில் மணி எல்லாவற்றையும் தினம் வாசலில் உட்கார்ந்து கேட்கவைத்தோம். ரேபிஸ் ஊசியை மூன்றாம் மாதத்தில் போட வேண்டும்; மின்னிக்கு மருத்துவர் சொன்ன கணக்குப்படி போடுகிறோம். அதைத் தவறவிடுகிறவர் நாய் வளர்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

குட்டி வாங்கும்போது இனத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2022 இல் எலினோர் கார்ல்சன் குழு 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்விகள் கேட்டு, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவை வாசித்து சயன்ஸ் இதழில் எழுதியது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனம் விளக்கியது ஏறக்குறைய 9 சதவீதம்தான். சொல்பேச்சுக் கேட்பது போன்ற சில குணங்களில் இனத்தின் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. எளிதில் சீறுமா என்பதை இனம் வைத்துச் சொல்லவே முடியவில்லை. ராஜபாளையம் என்றால் முரடு, சிப்பிப்பாறை என்றால் கூச்சம் என்று நாம் அடித்துப் பேசுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

உடம்பின் விஷயம் வேறு. அங்கே இனம் உண்மையிலேயே பேசும். ராஜபாளையத்தில் காது கேட்காமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. பால் வெள்ளை நிறத்தை மனிதர் விரும்பித் தேர்ந்ததன் விலை அது. நிறமி தரும் மெலனோசைட் செல்கள் தோலுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. உட்காதின் நத்தைச் சுருளில் ஒரு மெல்லிய படலத்தில் இருந்துகொண்டு, ஒலியை உணரும் செல்களுக்குத் தேவையான திரவத்தின் மின்னூட்டத்தைக் காக்கின்றன. வெண்மை மரபணு அந்தச் செல்களை அங்கே போய்ச்சேர விடாமல் செய்தால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலி உணர் செல்கள் வாடிவிடும். டால்மேஷியனிலும் இதே கதைதான். ஒரு மாதம் தாண்டிய குட்டி தூங்கும்போது, காற்று படாத தூரத்தில் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். கேட்காத குட்டியை ஒதுக்க வேண்டாம், கைச்சாடையில் அழகாகப் படிக்கும். ஆனால் அதிலிருந்து அடுத்த தலைமுறை வேண்டாம்.

மிச்சமிருப்பது அக்கம்பக்கம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் முஸ்லிம் வீடுகள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பதை நான் சிறுவயதிலிருந்தே அறிவேன். எதிர்வீட்டு பாய் விடியற்காலைத் தொழுகைக்கு வெளியே வரும் நேரத்தில் மின்னியைக் குறுங்கயிற்றில் பிடித்து மறுபக்கம் ஒதுங்கி நிற்பேன். ஒருநாள் அவரே நின்று, பழக்கிய வேட்டை நாய் பிடித்துக் கொண்டுவந்த இரையை உண்ணலாம் என்று திருக்குர்ஆனில் அனுமதி இருக்கிறது, தெரியுமா தம்பி என்று கேட்டார். எனக்கு அன்றுவரை தெரியாது. பக்ரீத்துக்கு முந்தைய இரண்டு வாரம் வீட்டுக்கு வீடு ஆடு கட்டியிருக்கும். துரத்தல் ஊறிய நாய்க்கு அது கடும் சோதனை. அந்த நாட்களில் வேறு தெரு வழியாகப் போகிறோம். நன்றாகப் பழகிவிட்டது என்ற நம்பிக்கையில் கயிற்றை விடுவதில்லை. அவள் ஓர் ஆட்டைத் துரத்தினால் குற்றம் அவளுடையது ஆகாது.

துரத்தலை அடக்க முடியாது என்றால் அதற்கு வேறு முடிவு கொடுக்கலாம். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் பழைய லுங்கித் துணியைக் கட்டுங்கள். தரையோடு தரையாக வளைத்து வளைத்து இழுங்கள். முக்கியமான விஷயம், கடைசியில் அவள் கவ்வ வேண்டும். கவ்வாமலே முடியும் விளையாட்டு நாயைப் பதற்றத்தில் விட்டுவிடும். சங்கிலி நடுவில் அறுந்து தொங்கும். சுவரில் வெளிச்சப் புள்ளியை ஆட்டிக்காட்டித் துரத்த வைப்பது இதனாலேயே தீங்கு. கவ்வியதும் ‘விடு’ என்ற ஒரு சொல், விட்டதும் ஒரு துண்டு முட்டை. மூன்று மாதத்தில் என் மகளின் மெல்லிய குரலுக்கே மின்னி துணியை விட ஆரம்பித்தாள்.

ஆம்பூரிலிருந்து தெற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில், பழைய வடஆற்காட்டின் மண்ணில், எடுத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்க நின்று இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயரோடு. கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாக எழுத்து சொல்கிறது. அது எந்த இனம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வீடு அதற்கு இருந்திருக்கிறது, எருமைக்கூட்டத்துக்கு நடுவே அவற்றைத் துரத்தாமல் வாழ்ந்திருக்கிறது, கவ்வ வேண்டிய நேரத்தில் கவ்வியிருக்கிறது. சங்கிலியின் எந்தக் கண்ணியை எப்போது அவிழ்ப்பது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரை மணிக்குப் பாலாற்றுக்குப் போகிறோம். வருடத்தின் பெரும்பகுதி ஆறு வெறும் மணல். முள்மரங்கள் இல்லாத, ஆடு மேயாத ஒரு திட்டைப் பார்த்துவைத்திருக்கிறோம். முப்பது அடிக் கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டுவேன். கழுத்தில் மாட்டினால் கயிறு முடியும் இடத்தில் கழுத்தெலும்பு போய்விடும். மகள் அந்தக் கோடியில் நீலத் துணியோடு நிற்பாள். கயிறு தளர்ந்ததும் மின்னி முதலில் மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்ப்பாள். மேற்கே ஏதோ ஒரு ஆலையின் வாசம் எனக்கே தெரியும். அவள் அதைக் கண்டுகொள்ள மாட்டாள். துணி அசையும். அடுத்த கணம் மணலில் நாலு காலும் பதிந்த தடம் ஒன்று இருக்கும், அடுத்த தடம் பத்தடி தள்ளி இருக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது.